ஆள் போய் ஆடு வந்த ஊர்

எண்ணிக்கை திடீரென்று இறங்கினால் காரணம் தேடுவது என்ஜினியரான எனக்குப் பழக்கம். ஸ்காட்லாந்தின் வடக்கே, சதர்லாந்து சீமையில் கில்டோனன் என்று ஒரு பாரிஷ். அதாவது, ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம். 1811-ல் அங்கே 1,574 பேர். 1831-ல் வெறும் 257! கொள்ளைநோய் இல்லீங்க. ஆட்டுப்பண்ணைக்குக் குத்தகை அதிகம் கிடைக்கும் என்று நிலப்பிரபு குடும்பம் குடியானவர்களை வெளியேற்றிவிட்டது. 1813-ல் ஒரு கூட்டம் கனடாவுக்குக் கப்பலேறியது. 1817-ல் அவர்கள் குடியேறிய இடத்துக்கும் கில்டோனன் என்றே பெயர் வந்தது. அவர்களில் பானர்மன் குடும்பத்தின் தாய்வழி வாரிசுதான் 1957-ல் கனடாவின் பிரதமரான ஜான் டீஃபன்பேக்கர்.

வம்சம் தேடுகிறவர்களுக்கு இன்று கைகொடுப்பவை பாரிஷ் பதிவேடுகள். மனைவியைப் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதுவது ஸ்காட்லாந்து வழக்கம். அதனால் தாய்வழியும் பிடிபடுகிறது. நண்பர்களே, உங்கள் பாட்டியின் அம்மா பெயர் என்ன? சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்க.