கண்ணில் பாய்ந்த சில்லு

1940 ஆகஸ்ட் 15. தெற்கு இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகருக்கு மேலே ஜெர்மானிய விமானங்களோடு சண்டை. ஹரிகேன் போர் விமானத்தை ஓட்டிய கோர்டன் கிளீவர், அன்றைக்கென்று பார்த்துப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கிளம்பியிருந்தார். தோட்டாக்கள் அவர் தலைக்கு மேலிருந்த மூடியைத் துளைத்தன. பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆன அந்த மூடி சுக்குநூறாகி, சில்லுகள் இரு கண்களிலும் பாய்ந்தன. பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தார். ஒரு கண் போய்விட்டது. மற்றதில் சில்லுகள் தங்கிவிட்டன.

தூசி விழுந்தாலே சிவந்து போகிற உறுப்பு கண். ஆனால் மாதங்கள் கடந்தும் அந்தச் சில்லுகளைச் சுற்றிச் சீழும் இல்லை, வீக்கமும் இல்லை. லண்டன் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி இதைக் கவனித்து மனத்தில் போட்டுவைத்தார். பிறகு போர் அவரையும் பர்மா பக்கம் இழுத்தது. தாய்லாந்திலிருந்து மீண்ட போர்க்கைதிகளுக்குச் சத்துணவின்றிப் பார்வை மங்கியிருந்ததை 1945இல் கட்டுரையாக எழுதினார். சயாம் மரண ரயில் ஓடிய மண் அது. அந்தப் பாதை போட மலாக்கா, ஜொகூர் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போன கதையை இங்கே மலேசியாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர் முடிந்து லண்டன் திரும்பியவரை ஒரு மாணவனின் கேள்வி காத்திருந்து பிடித்தது.

அன்றைய கண்புரை அறுவை பாதி வேலைதான். புரை மூடிய வில்லையை எடுத்துவிடுவார்கள். அந்த இடம் காலி. அப்புறம் ஆயுள் முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடி. அது தொலைந்தாலோ உடைந்தாலோ மறுபடி இருட்டு. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இந்த அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன், எடுத்ததற்குப் பதிலாக வேறொன்றை வைக்க முடியாதா என்று கேட்டுவிட்டான். ரிட்லிக்குக் கிளீவரின் கண் நினைவுக்கு வந்தது.

ரேனர் நிறுவனம் தூய்மையான பெர்ஸ்பெக்ஸில் ஒரு வில்லை கடைந்து கொடுத்தது. 1949 நவம்பர் 29 அன்று 45 வயதுப் பெண் ஒருவருக்கு அறுவை நடந்தது. செய்தி வெளியே கசியக் கூடாது என்பது கட்டளை. வில்லை கண்ணோடு ஒத்துப்போனது, கணக்குதான் பிசகியது. இயற்கை வில்லையின் வளைவை அப்படியே நகலெடுத்திருந்தார்கள். பெர்ஸ்பெக்ஸோ ஒளியை அதைவிட அதிகமாக வளைக்கும். அந்த அம்மாளுக்குக் கடும் கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. கணக்கைத் திருத்தி மேலும் சிலருக்கு வைத்தார் ரிட்லி. அவர்களில் ஒருவர் பெயர்க் குழப்பத்தில் ஃபிரெடெரிக் ரிட்லி என்ற வேறொரு கண் மருத்துவரிடம் போய் உட்கார்ந்துவிட்டார். ரகசியம் உடைந்தது!

வேறு வழியின்றி 1951இல் ஆக்ஸ்ஃபோர்ட் மாநாட்டில் தன் நோயாளிகளையே கொண்டுவந்து நிறுத்தினார். பிரிட்டிஷ் கண் மருத்துவத்தின் பெரிய தலையான டியூக் எல்டர் அவர்களைப் பார்க்கவே மறுத்துவிட்டார். கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் மருத்துவம், வைப்பதா என்பது சபையின் கோபம். வில்லைக்குப் பெரிய இடத்து அங்கீகாரம் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1980களின் பிற்பகுதியில், கிளீவரின் எஞ்சிய கண்ணிலும் புரை வந்தபோது, அவருக்கே அப்படியொரு வில்லை பொருத்தப்பட்டது. எழுத்தாளன் இட்டுக்கட்டியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

இதற்குள் கதையின் இன்னொரு பாதி கரிசல் மண்ணில் வளர்ந்திருந்தது. எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோ. வெங்கடசாமி, மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். இராணுவ மருத்துவப் பணியிலிருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. 1948இல் பணி போயிற்று. விரல்கள் கோணி இறுகிப்போயின. படுக்கையிலிருந்து எழுந்தவர் தேர்ந்தெடுத்ததோ மருத்துவத்திலேயே நுணுக்கமான கை கேட்கும் துறை: கண்.

கைக்குக் கருவி பொருந்தவில்லை. கையைத் திருத்த வழியில்லாததால் கருவியைத் திருத்தினார். வளைந்த விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை வடிவமைத்து, கத்தி பிடிக்க முதலிலிருந்து பழகினார். அந்தக் கைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களைத் தொட்டன. 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே வில்லையின் விலை குறுக்கே நின்றது.

இறக்குமதி வில்லை ஒன்று நூறு டாலரை ஒட்டி விற்றது. ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, தடித்த கண்ணாடியே போதும் என்று உலகச் சுகாதார வட்டாரங்களிலேயே பேச்சு இருந்தது. என்னைக் கேட்டால், டியூக் எல்டரின் மறுப்பைவிட இதுதான் கொடியது. சமூகத் தொழில்முனைவர் டேவிட் கிரீனும் சேவா அறக்கட்டளையும் துணை நிற்க, அமெரிக்காவிலிருந்து தொழில்நுட்பம் வாங்கி, 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் எழுந்தது. வில்லையின் விலை சுமார் பத்து டாலருக்கு இறங்கியது.

ஆறு மில்லிமீட்டர் அகலம், இரு பக்கமும் மயிரிழை போன்ற கைகள். இந்த வில்லையைத்தான் இன்று மலாக்காவின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ஓய்வுபெற்ற தோட்டப் பாட்டிகள் ‘கண்ணுக்குள்ள லென்ஸ் வச்சாச்சு’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். காலையில் அறுவை, மாலையில் வீடு. மதுரைத் தொழிற்கூடமோ வில்லையோடு நிற்கவில்லை. கண் அறுவைக்கான தையல் நூலும் கத்திகளும் செய்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புகிறது.