ஆண்டுவிழா மலர்களும் வரலாறும்: வட்டுக்கோட்டையை முன்வைத்து

புகலிடத்தில் எமது பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் வெளியிடும் ஆண்டுவிழா மலர்கள் ஏறக்குறைய ஒரே அமைப்பில்தான் வருகின்றன. ஆசியுரைகள், வாழ்த்துச் செய்திகள், அதிபர்களின் வரிசை, துடுப்பாட்ட அணிகளின் படங்கள், இடையிடையே நகைக்கடை விளம்பரங்கள். இவற்றை ஏளனம் செய்வது எளிது. ஆனால் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை ஏறத்தாழ 97,000 நூல்களுடன் இழந்த ஒரு சமூகத்தில், யாரோ ஒருவரின் அலுமாரியில் தப்பிக் கிடக்கும் மலர் நாளைய ஆய்வாளருக்கு ஆவணம். ஆகவே மலர்க் குழுவினர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், வரலாறு எழுதுகிறார்கள்.

அந்த வேலை அட்டையில் இடப்படும் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. யாழ்ப்பாணக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியது 1823இல். அது மூடப்பட்டது 1855இல். யாழ்ப்பாணக் கல்லூரி அங்கு திறக்கப்பட்டது 1872இல். முதலாவது ஆண்டிலிருந்து எண்ணினால் 2023 இருநூறாவது ஆண்டு. கடைசியிலிருந்து எண்ணினால் 2022 நூற்றைம்பதாவது ஆண்டு. ஜே. வி. செல்லையா 1922இல் வெளியிட்ட ஆங்கில நூல் இரண்டு நிறுவனங்களையும் ஒரு நூற்றாண்டு ஆங்கிலக் கல்வியின் ஒரே கதையாக இணைத்தது.

இணைப்பது தவறல்ல. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளைப் பேசாமல் தாண்டுவதுதான் தவறு. ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், சுவிசேஷத்துக்குத் தாய்மொழியே போதும் என்பது றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த மிஷன் தூதுக்குழுவின் எண்ணம். செமினரி மூடப்பட்டதற்கு அதுவே முக்கிய காரணம். பின்னர் கல்லூரி உருவானதில் உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் கோரிக்கைக்குப் பெரும் பங்குண்டு. இடைவெளியை மறைத்தால் கல்வி மிஷனரிகளின் இடையறாத கொடையாகத் தோன்றும். அதைக் கேட்டுப் பெற்றவர்கள் காணாமற் போவார்கள்.

பெருமைப் பக்கங்களிலும் இதே சிக்கல்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் செமினரியில் படித்தவர்கள். 1887இல் கலித்தொகையை அச்சில் தந்தவர் தாமோதரம்பிள்ளை. இவை சொல்லப்பட வேண்டியவையே. ஆனால் செமினரி மாணவரில் பெரும்பான்மையினர் வேளாளர் என்பதும் அதே வரலாறுதான். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசை முன்னின்று நடத்திய ஹண்டி பேரின்பநாயகம் இக்கல்லூரியின் பழைய மாணவர். 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தது அக்காங்கிரசின் அழைப்பில். அதே காங்கிரஸ் சாதிப் பாகுபாட்டையும் எதிர்த்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடாநாட்டுப் பாடசாலைகளில் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது ஆதிக்க சாதியினர் அதை எதிர்த்தார்கள். சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. எமது மலர்களில் காந்தியின் படத்துக்கு ஒரு பக்கம் கிடைக்கிறது. தரையில் இருத்தப்பட்ட பிள்ளைக்கு ஒரு வரி கிடைப்பது அரிது.

இன்று இன்னும் கடினமான பக்கம் அஞ்சலிப் பக்கம். இலங்கை அரச படைகளாலும், 1987க்கும் 1990க்கும் இடையில் இந்திய இராணுவத்தாலும், எமது இயக்கங்களாலும் கொல்லப்பட்டவர்கள் ஒரே வகுப்பில் அருகருகே இருந்தவர்கள். யார் கொன்றார் என்று பார்த்துப் பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் 2009க்குப் பின்னரும் தொடருமானால், பாடசாலையின் பெயரால் நாம் அரசியல் தணிக்கை செய்கிறோம் என்றே பொருள்.

மலர்க் குழுக்களிடம் கேட்கக்கூடியது அதிகமில்லை. இறந்தவர்களையும் காணாமற் போனவர்களையும் அகர வரிசையில் ஒரே பட்டியலில், ஆண்டுடன் இடுங்கள். பட்டம் பெற்றவர்களிடம் மட்டுமன்றி, இடையில் படிப்பை விட்டவர்களிடமும் நினைவுகளைக் கேளுங்கள். 2005 முதல் எமது அச்சுப் பிரதிகளைச் சேர்த்துவரும் நூலகம் மின்னூலகத்துக்கு ஒரு பிரதியைக் கொடுங்கள். இருநூறு ஆண்டைக் கொண்டாடும் பாடசாலைக்கு, தன் கதையை முழுதாகச் சொல்லும் துணிவும் இருக்க வேண்டும்.