முட்டையிட்டுத் தேய்ந்த கோழி

தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் வட இந்தியாவின் அடிவாரக் காடுகளிலும் திரியும் சிவப்புக் காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். நாலைந்து சேர்ந்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் சினைப்பையும் ஓய்ந்துவிடும். அதன் வழிவந்த நாட்டுக்கோழி அறுபது, எண்பது இட்டு, இடையிடையே மூன்று நான்கு முறை அடையில் இளைப்பாறும். இன்றைய பண்ணைக் கலப்பினக் கோழியோ அடைக்கே உட்காராமல் ஏறக்குறைய 300 முட்டை இடுகிறது. வீட்டில் வளரும் கோழிக்கு வரும் முட்டைக்குழாய் நோய்களுக்கும் சினைப்பை நோய்களுக்கும் இந்தப் பெருக்கமே பெரிய காரணம்.

கோழிக்கு இடப்பக்கச் சினைப்பையும் இடப்பக்க முட்டைக்குழாயும் மட்டுமே வளர்கின்றன. சினைப்பையிலிருந்து விடுபடும் மஞ்சள்கருவைக் குழாயின் புனல் போன்ற வாய் பிடித்துக்கொள்ளும். வெண்கரு சேர்ந்து, சவ்வு மூடி, ஓடு பூண்டு முட்டை வெளிவர ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகிறது. அதில் ஏறத்தாழ இருபது மணி நேரம் ஓடு படிவதற்கே போய்விடும். ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தீவனத்தில் போதாதபோது எலும்பு அதைக் கொடுக்கிறது. மஞ்சள்கரு புனலைத் தவறவிட்டால் வயிற்றுக்குள் விழுந்து அழற்சியை உண்டாக்கும். ஓடு படியாவிட்டால் தோல்முட்டையாகும். கால்சியம் குறைந்தால் தசைக்கு முக்கும் வலு இராது. முட்டை வழியிலேயே தங்கிவிடும். எச்சத் துவாரத்தின் வழியே கிருமி மேலேறினால் குழாய்க்குள் சீழ் திரண்டு அடுக்கடுக்காக இறுகிவிடும்.

இவை புதிதாக முளைத்த நோய்கள் அல்ல. அளவுக்கு மீறி முட்டையிட்ட கோழிகள் திடீரெனச் செத்ததுண்டு என்று அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் முட்டை நின்ற கோழி குழம்புக்குப் போகும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. அதனால் அதன் நோயை யாரும் கவனிக்க வேண்டியிருக்கவில்லை. விதிவிலக்குகளும் இருந்தன. போலோஞா நகரத்து உல்லிஸே அல்ட்ரோவாந்தி 1600இல் வெளியிட்ட பறவை நூலில், தம் கிராமத்து வீட்டில் பல ஆண்டுகள் வளர்ந்த ஒரு கோழியைப் பற்றிச் சொல்கிறார். அது மற்றக் கோழிகளோடு சேராமல் பகலெல்லாம் வீட்டுக்குள் திரியும்; இரவானால் அவருக்கருகே புத்தகங்களின் நடுவில்தான் உறங்கும். செல்லக்கோழிக்கு இது ஒரு பழைய நல்ல சான்று.

முட்டைக்குழாயைப் பற்றிய அறிவு வளர்ந்தது கோழியின் நலனுக்காக அன்று. உயிர் எப்படி உருவாகிறது என்ற கேள்விக்காக. பாதுவா பல்கலைக்கழகத்து ஃபப்ரீசியஸ், முட்டையும் குஞ்சும் உருவாகும் விதத்தை எழுதிய நூல் அவர் இறந்தபின் 1621இல் அச்சானது. அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1651இல் அதே பொருளில் பெருநூல் வெளியிட்டார். அதில் வரும் கதை ஒன்று கோழியைப் பற்றியதல்ல என்றாலும் இங்கே சொல்லத் தக்கது. ஹார்வியின் மனைவி கொஞ்சி வளர்த்த கிளி நன்றாகப் பேசியதால் அதை ஆண் என்றே நம்பியிருந்தார்கள். அது நோயுற்று, வலிப்புக் கண்டு அந்த அம்மையாரின் மடியிலேயே இறந்தது. அறுத்துப் பார்த்தபோது குழாய்க்குள் ஏறக்குறைய முழு முட்டை ஒன்று இருந்தது. முட்டை தங்கி இறந்த வளர்ப்புப் பறவையை வெட்டிப் பார்த்து எழுதிய பழைய குறிப்புகளுள் இது ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீனத்திலிருந்து வந்த பெருங்கோழிகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும் மோகத்தைக் கிளப்பின. 1849இல் பாஸ்டனில் கோழிக் கண்காட்சி நடந்தது. விலையுயர்ந்த கோழியைச் சாகவிட மனம் வராதே! முட்டை தங்கினால் துவாரத்தில் எண்ணெய் தடவுவது, வெந்நீர் ஆவி பிடிப்பது, விளக்கெண்ணெய் புகட்டுவது போன்ற கைவைத்தியங்கள் வளர்ப்பு நூல்களில் இடம்பெற்றன.

அடுத்த மாற்றம் கணக்கெழுதுவதிலிருந்து வந்தது. உள்ளே போன கோழி முட்டையிட்டபின் ஆள் வந்து திறந்தால்தான் வெளிவர முடியும்படியான பொறிக்கூடுகள் வந்ததும், எந்தக் கோழி எத்தனை இட்டது என்று தனித்தனியே தெரிந்தது. அமெரிக்காவின் ஓரிகன் வேளாண் கல்லூரியில் ஜேம்ஸ் ட்ரைடன் வளர்த்த 'லேடி மக்டஃப்' என்ற கோழி 1913இல் ஓராண்டுக் கணக்கை 303 முட்டையோடு முடித்தது. அன்று அது அதிசயம். இன்று நாமக்கல் கொட்டகையில் நிற்கும் சாதாரணக் கோழியின் அளவு. குளிர்காலத்திலும் முட்டை குறையாமலிருக்க மின்விளக்கு வைத்துப் பகலை நீட்டினார்கள். 1950இல் அமெரிக்கக் கோழியின் சராசரி ஆண்டுக்கு 174ஐ எட்டியிருந்தது. உற்பத்தி இறங்கத் தொடங்கும் ஒன்றரை வயதில் கூட்டம் முழுவதும் கழிக்கப்பட்டதால், வயதோடு வரும் நோய்கள் வெளியே தெரியவேயில்லை.

தெரிந்துகொண்டவர்கள் புற்றுநோய் ஆய்வாளர்கள். 1971இல் எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா, சினைப்பை ஓய்வின்றி முட்டையை வெளிவிடுவதே அதில் புற்று வரக் காரணமாகலாம் என்ற கருதுகோளை முன்வைத்தார். சினைப்பைப் புற்று தானாகவே அடிக்கடி வரும் மிகச் சில விலங்குகளில் வீட்டுக்கோழியும் ஒன்று. இரண்டு மூன்று வயதைக் கடந்த கோழிகளில் அது மிகுவதால், பெண்களின் நோயை ஆராய அவை ஆய்வகத்துக்குள் வந்தன. கோழிக்காகக் கோழியை ஆராய்வது இன்னும் தள்ளியே போயிற்று.

அதற்கு வழி திறந்தது பண்ணைக் கோழிகளை அடைத்துவைத்த கூண்டுகளுக்கு எதிரான எழுச்சி. அவ்வகைப் பண்ணைகளைக் கண்டித்த ரூத் ஹாரிசனின் 'அனிமல் மெஷின்ஸ்' என்ற நூல் 1964இல் வெளியானது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் போட்ட ஆணைப்படி பழைய வகைக் கூண்டுகள் 2012 முதல் அங்கே தடைசெய்யப்பட்டன. இங்கிலாந்தில் 2005இல் ஜேன் ஹோவர்த் தொடங்கிய அறக்கட்டளை, கழிக்கப்பட்ட பண்ணைக் கோழிகளை வீடுகளுக்குக் கொடுத்து வருகிறது. இறைச்சிக்குப் போயிருக்க வேண்டிய கோழிகள் பெயர் வைத்து அழைக்கப்பட்டு, கூடுதலாகச் சில ஆண்டுகள் வாழ்ந்தன. மறைந்திருந்த நோய்களெல்லாம் தோட்டத்தில் கண்ணெதிரே வந்தன.

இன்றைய பராமரிப்பு பழைய கைவைத்தியத்தை முற்றிலும் கைவிடவில்லை. கொண்டை வெளிறி, வாலைத் தாழ்த்தி, கூட்டில் முக்கிக்கொண்டே இருக்கும் கோழியை வெதுவெதுப்பான நீரில் வயிறு நனைய வைப்பதும், கதகதப்பான இருட்டறையில் அமைதியாக விடுவதும், கால்சியம் கொடுப்பதும் முதலுதவி. தங்கிய முட்டையை உள்ளே உடைப்பது ஆபத்து, ஓடு குழாயைக் கிழித்துவிடும். வயிறு நீர் கோத்துப் பெங்குவின்போல நிமிர்ந்து நடந்தால் அது வீட்டில் தீரும் காரியமில்லை. மருத்துவர் ஸ்கேன் பார்த்து, நீரை வடித்து, கிருமிக்கு மருந்து கொடுப்பார். குழாயை அறுத்தெடுக்கவும் முடியும். ஆனால் பெரிய இரத்தக்குழாய்களை ஒட்டியிருக்கும் சினைப்பையை முழுதாக எடுப்பது மிகக் கடினம். அதனால்தான் ஆண் நாய்களின் தற்காலிகக் கருத்தடைக்கென வந்த டெஸ்லோரெலின் என்னும் ஹார்மோன் துண்டைத் தோலுக்கடியில் வைக்கும் முறை பரவியது. அது சில மாதங்களுக்கு முட்டையிடுவதை நிறுத்தி, காட்டுக்கோழிக்கு அடையில் கிடைத்த ஓய்வை மருந்தால் தருகிறது. ஏற்கெனவே முற்றிய புற்றுக்கு அது தீர்வாகாது.

மடியில் தூங்கினாலும் பிரிட்டனின் மருந்து விதிகளின்படி கோழி உணவுக்கான விலங்குதான். மருந்து கொடுத்தபின் அதன் முட்டையை எத்தனை நாள் உண்ணக்கூடாது என்பதை மருத்துவர் சொல்லியாக வேண்டும்.