செவிலியர் சொல்லும் மருத்துவர் கையும்

மருத்துவக் கல்லூரிப் பேராசிரியருக்குரிய கடமைகள் கற்பித்தல், ஆராய்தல், நோய் தீர்த்தல் என மூன்று. தம் பிரிவில் சிகிச்சை நடைபெறும் முறையையே ஆராய்ந்து, உடன் பணிபுரிவோருடன் கூடி அதைத் திருத்துவது நான்காவதாக வந்து சேர்ந்திருக்கிறது. இத்தகைய பணிகளுள் முதன்மையாக வைத்துப் போற்றத் தக்கது அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்தது. மாணவர்களை நோயாளியின் படுக்கையருகே நிறுத்திப் பாடம் சொன்ன வில்லியம் ஆஸ்லர் பணியாற்றிய இடம் அது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்து, மார்பு அல்லது தொடைச் சிரை வழியே செலுத்தப்படும் சென்ட்ரல் லைன் என்னும் குழாய் உயிர் காப்பது. கிருமி புகுந்தால் அதுவே இரத்தத்தில் தொற்றை ஏற்றிவிடும். தடுக்கும் முக்கிய வழிகள் ஐந்து: கை கழுவுதல், தோலைக் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினியால் துடைத்தல், நோயாளியின் உடல் முழுவதையும் தூய துணியால் மூடி, மருத்துவர் தொப்பி, முகக்கவசம், அங்கி, கையுறை அணிதல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுதல். இவற்றை அறியாத மருத்துவர் இல்லை. ஆயினும் செவிலியர் அருகிருந்து குறித்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதேனும் ஒரு படி விடுபட்டிருந்தது.

அம்மருத்துவமனையில் பணியாற்றிய பேராசிரியர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட்டும் குழுவினரும் யார் மீதும் பழி சுமத்தவில்லை. வெவ்வேறு இடங்களில் தேடி எடுக்க வேண்டியிருந்த பொருள்களையெல்லாம் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கினர். ஐந்து படிகளையும் ஒரு தாளில் எழுதிச் செவிலியர் கையில் கொடுத்தனர். குழாய் இன்னும் தேவையா என்று நாள்தோறும் கேட்கச் செய்தனர். ஒரு படி தவறினால் மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தையும் செவிலியருக்கு அளித்தனர். இம்முயற்சியின் உயிர்நாடி இதுவே.

திருக்குறள் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் (இன்றைய செவிலியரைப் போல் நோயாளியின் அருகிருந்து பேணுபவன்) என நாற்கூறாக வகுக்கிறது. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானமும் இந்நான்கையே நான்கு பாதங்களாகக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு பண்புகளை விதிக்கிறது. பரிமேலழகரும் தம் திருக்குறள் உரையில் நந்நான்காக விரிக்கிறார். மருத்துவனுக்கும் உழைச்செல்வானுக்கும் பொதுவாகச் சரக சம்ஹிதையும் பரிமேலழகரும் விதிக்கும் பண்பு தூய்மை. சொன்னதை அவ்வாறே செய்யும் வன்மையை உழைச்செல்வானுக்கு உரியதாகப் பரிமேலழகர் சொல்கிறார். ஹாப்கின்ஸ் குழு அதற்கும் ஒரு படி மேலே சென்று, தூய்மை காக்கும் பொருட்டு மருத்துவனை நிறுத்தும் உரிமையையும் உழைச்செல்வானுக்குச் சேர்த்தது. நாற்கூற்றில் ஒன்று வாய் மூடி நின்றால் மற்ற மூன்றும் குறைபடும் என்பதை மரபறிந்தோர் எளிதில் உணர்வர்.

1998ஆம் ஆண்டின் முதற் காலாண்டில் ஹாப்கின்ஸின் அத்தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆயிரம் கதீட்டர் நாள்களுக்கு (குழாய் உடலில் இருந்த நாள்கள்) 11.3 ஆக இருந்த தொற்று, 2002ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் சுழியத்தைத் தொட்டது. அதே முறை மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பரவியது. அங்கு 7.7 ஆக இருந்த சராசரி, ஒன்றரை ஆண்டளவில் 1.4 ஆகக் குறைந்ததாக 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது.

புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை. மருத்துவக் கல்லூரிகளின் துறைத்தலைவர்கள் தத்தம் பிரிவுச் செவிலியரை அழைத்து அமர்த்தி, எங்கே தவறுகிறோம் என்று கேட்டுப் பணியைத் தொடங்குவார்களாக.