பிழை
பிழைத்தல் என்னும் வினைக்குத் தவறுதல், உயிர் தப்புதல் என இருபொருள் உண்டு. வேல் குறி பிழைத்ததால் யானை பிழைத்தது என்றால் இரண்டின் உறவும் விளங்கும். ‘தப்பு’ என்ற சொல்லும் இவ்வாறே. கணினித் துறையினர், அறிந்தோ அறியாமலோ, நிரலின் குற்றத்துக்குப் ‘பிழை’ என்னும் சொல்லைக் கொண்டது வெகு பொருத்தம். அத்தகைய குற்றம் ஒன்றுக்குச் சான்றாக, பூவராகப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீமுஷ்ணத்தின் பெயரையே பாருங்கள்: யூனிகோடில் 2005ஆம் ஆண்டு ‘ஶ’ சேர்க்கப்பட்ட பின்னர், அதன் முதலில் நிற்கும் ‘ஸ்ரீ’யை ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும் உள்ளிடலாமாதலால், கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் ஊர்ப்பெயரைத் தரவுச் சோதனைக் கருவி இரண்டெனக் கருதி, ஒவ்வாதென்று தள்ளிவிடும். இத்தகைய தரவு வந்தவிடத்து மூர்ச்சித்து விழாமல், எந்த வரியில் எந்த எழுத்து மாறுபட்டது என அறிவித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்வதையே பிழைக்கத் தெரிந்த கருவி என்பேன்.