ட்ரோம்சோ டு லாங்இயர்பியென்: ஒன்றரை மணி நேர ஃப்ளைட்தான்... ஆனா விசாவை ஒருமுறை செக் பண்ணிக்கோங்க!

வடதுருவப் பக்கம் ஒரு ட்ரிப் போகணும்னு பக்கெட் லிஸ்ட்ல எழுதி வெச்சிருக்கீங்களா? அப்போ இந்த ரெண்டு ஏர்போர்ட்டையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஒன்று, நார்வேயின் வடக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் ட்ரோம்சோ. இன்னொன்று, ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கும் லாங்இயர்பியென். வழக்கமான பயணிகள் விமானம் போய்வரும் ஏர்போர்ட்களில் உலகின் வடகோடியில் இருப்பது இதுதான். 1975-ல் திறக்கப்பட்டது. வருஷம் முழுக்க உறைஞ்சே கிடக்கும் நிலத்தின் மேல்தான் ரன்வே!

எவ்வளவு தூரம்?

நேர்க்கோட்டில் சுமார் 960 கி.மீ. மொபைல் மேப்பில் பார்த்தா இதைவிட ரொம்ப தூரமா தெரியும். உருண்டை பூமியைத் தட்டையா விரிக்கும்போது துருவப் பக்கம் இழுபட்டுடும், அதான் காரணம். நிலநடுக்கோட்டோடு ஒப்பிட்டா, ட்ரோம்சோ பகுதி சுமார் 3 மடங்கும், லாங்இயர்பியென் பகுதி சுமார் 5 மடங்கும் பெரிதாகத் தெரியும்.

எவ்வளவு நேரம்?

மணிக்கு 800 கி.மீ வேகம்னா, கணக்குப்படி 72 நிமிஷம். ஆனா டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ரன்வேக்கு ஊர்ந்து போறது, மேலே ஏறுறது, இறங்குறது எல்லாமே மெதுவான வேலை. எதிர்க்காற்று அடிச்சா இன்னும் சில நிமிஷம் கூடும். ரெண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். வாட்ச்சை மாத்த வேண்டாம்.

விசாவில் கவனம்!

ஸ்வால்பார்ட்டுக்குத் தனியா விசா தேவையில்லை. 1920-ல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தம்தான் அடிப்படை. ஆனா அங்கே போக நார்வே வழியாத்தான் போகணும். அதுக்கு ஷெங்கன் விசா வேணும். ஸ்வால்பார்ட் ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருக்கு. ட்ரோம்சோவில் பாஸ்போர்ட் செக் முடிச்சு விமானம் ஏறினா, நீங்க ஷெங்கனை விட்டு வெளியேறிட்டீங்கனு அர்த்தம். கையில் சிங்கிள் என்ட்ரி விசா மட்டும் இருந்தா, திரும்பி வரும்போது நார்வேக்குள் நுழைய முடியாது. அதனால, விண்ணப்பிக்கும்போதே டபுள் அல்லது மல்ட்டிபிள் என்ட்ரி கேளுங்க.

பனிமூட்டம் வந்தா?

வழியில் முழுக்கக் கடல். நடுவுல 'கரடித் தீவு' மட்டும்தான். லாங்இயர்பியெனில் இறங்க முடியலைனா, விமானம் ட்ரோம்சோவுக்கே திரும்பலாம். அதனால திரும்பி வரும் அன்னைக்கே இன்டர்நேஷனல் ஃப்ளைட் புக் பண்ணாதீங்க. ஒருநாள் இடைவெளி விடுங்க.

ஊர்க்காரர்களுக்கு இந்த 960 கி.மீ இன்னும் பெரிய விஷயம். லாங்இயர்பியெனில் இருப்பது சின்ன மருத்துவமனைதான். நிலைமை மோசமான நோயாளிகளை ட்ரோம்சோவுக்குத்தான் விமானத்தில் கொண்டு போறாங்க. கர்ப்பிணிகள் பிரசவத்துக்குச் சில வாரம் முன்னாடியே நார்வேக்குக் கிளம்பிடுவாங்க. பயணிகளும் அவசர விமானச் செலவை ஏற்கும் டிராவல் இன்ஷூரன்ஸ் இல்லாம போகக் கூடாது.

கொசுறு

ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் வரை லாங்இயர்பியெனில் சூரியன் மறையாது. அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை உதிக்காது. அங்கிருந்து சின்ன விமானத்தில் அரை மணி நேரத்துக்குள் நீ-ஓலசுண்ட் போயிடலாம். 2008-ல் இந்தியா தொடங்கிய 'ஹிமாத்ரி' ஆர்க்டிக் ஆய்வு மையம் அங்கேதான் இருக்கு.