மாரி இரவில் மேசைக்கு எதை எடுப்பது?

மட்டக்களப்பில் இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் தை வரைக்கும் மாரிதான். வாவி நிரம்பி வயலோடு ஒட்டிவிடும். ஆறு மணிக்கே இருட்டிவிடும். மின்சாரம் நினைத்த நேரம் போகும், நினைத்த நேரம் வரும். அதே கிழமைகளில் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம்மவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவிட்டு, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உள்ளே இருப்பார்கள். கடலுக்கு இரண்டு பக்கத்திலும் ஆட்கள் வீட்டுக்குள் அடைபடும் பருவம் இது.

இந்தப் பருவத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி: "பிள்ளைகளின் கையில் இருந்து ஃபோனை வாங்கி வைத்துவிட்டு, எல்லாரும் ஒன்றாக இருந்து விளையாட என்ன வாங்கலாம்?" இணையத்தில் இதற்குப் பட்டியல்கள் ஏராளம். எத்தனை பேர், என்ன வயது, எவ்வளவு நேரம் என்று பிரித்துத் தருகின்றன. அவற்றை எழுதியவர்களுக்கு, ஒரு வீட்டில் ஒரு கதிரை முப்பது வருடமாக வெறுமையாக இருக்கலாம் என்பது தெரியாது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்துத்தான் எங்கள் வீடுகளில் விளையாட்டைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

கூட்டமாக இருந்து இரவில் விளையாடுவது எங்களுக்குப் புதிதில்லை. நான் வளர்ந்தது படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை எழுவான்கரைக்குப் போவதென்றால் துறையில் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பொழுதுபட்டால் விருந்தாளி தங்கித்தான் போவார். ஊரடங்கு என்றால் அயலட்டையும் வந்து சேர்ந்துகொள்ளும். குப்பி விளக்கைச் சுற்றிக் காட்ஸ், திண்ணையில் கரியால் கீறிய தாயக் கட்டம், மணலில் தோண்டிய பதினான்கு குழி. விருப்பத்துக்கு விளையாடியதும் உண்டு. வெளியே சத்தம் கேட்கும்போது பிள்ளைகளின் காதை வேறு பக்கம் திருப்புவதற்காகப் பெரியவர்கள் விளையாடியதும் உண்டு.

ஆகவே கரண்ட் போன நேரம் விளக்கைக் கொளுத்திக் காட்ஸை எடுத்ததும் வீட்டு மூத்தவர் ஒருவர் எழுந்து போகிறார் என்றால், அவருக்கு விளையாட்டுப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு வெளிச்சம் வேண்டும். சார்ஜ் பண்ணும் லைற் ஒன்றைப் பகலிலேயே தயாராக வைத்துவிடுங்கள். எந்தப் பெட்டியை வாங்குவது என்பதைவிட அது முக்கியம்.

நான்காவது கை

ஈழத்தமிழரின் விளையாட்டு எது என்று கேட்டால் நான் 304ஐத்தான் சொல்வேன். யாழ்ப்பாணத்திலும் சரி, இங்கேயும் சரி, கொழும்பில் சிங்கள நண்பர்களிடமும் சரி, ஒரு காட்ஸ் கட்டு இருந்தால் போதும். அதில் 32 காட்ஸ்தான் தேவை. நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. முதலில் ஆளுக்கு நான்கு காட்ஸ். அதைப் பார்த்துக் கேள்வி, வழமையாக 160இல் தொடங்கும். கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். மறுகா மிச்ச நான்கு.

இதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. வீட்டில் வயதானவர்தான் இதில் கெட்டிக்காரர். விழுந்த காட்ஸ் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பார். பேரப்பிள்ளை அவரிடம் தோற்றுத்தான் பழக வேண்டும். இன்னொன்று, சோடிக்காரருக்குச் சைகை காட்டுவதோ பேசிக் காட்டுவதோ களவு. அதாவது பேசாமல் இருப்பதுதான் இங்கே ஒழுங்கு. வருடக்கணக்காக வீட்டில் அதிகம் பேசாத ஒருவர், மூன்று மணித்தியாலம் குடும்பத்தோடு ஒரே மேசையில் இருக்கலாம், அவரை யாரும் 'ஏன் பேசவில்லை' என்று கேட்கமாட்டார்கள்.

ஆனால் நான்கு பேர் வேண்டும் என்பதுதான் எங்கள் வீடுகளில் சிக்கல். தகப்பனோ அண்ணனோ இருந்த இடத்தில் இன்னொருவரை இருத்துவது எல்லாருக்கும் இலேசாக இருக்காது. அப்படியான வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. எட்டையும் ஏழையும் எடுத்துவிடுங்கள். 24 காட்ஸ் மிஞ்சும், மூன்று பேருக்கு எட்டெட்டு. எடுத்தவற்றுக்குப் புள்ளி இல்லாததால் கூட்டுத்தொகை அப்போதும் 304தான். கேட்டவர் தனியே, மற்ற இரண்டு பேரும் ஒரு பக்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் 1990இல் இருந்து இப்படித்தான் விளையாடுகிறார்கள். தொடங்கும்போது பிள்ளைகளுக்குப் பத்தும் எட்டும் வயது. நான் போனால் பிளேன்ரீ தருவார்கள், கச்சான் தருவார்கள், காட்ஸ் மட்டும் தரமாட்டார்கள். அது அவர்களின் ஒழுங்கு, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காட்ஸ் என்றால் காசும் சாராயமும் என்று நினைக்கும் தாய்மார் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது அது. காசு வைக்காதீர்கள் என்பதோடு நிற்காமல், வீட்டுப் பெண்களை முதலில் மேசைக்குக் கூப்பிட்டால் அந்தப் பயம் பாதி போய்விடும். கணக்குக்குப் புளியங்கொட்டை போதும்.

வீட்டுக்குள் எடுக்க வேண்டாதவை

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் இப்போது கொண்டுவருவது 'மாஃபியா'. 1986இல் மொஸ்கோவில் திமித்ரி டேவிடோஃப் என்ற உளவியல் மாணவர் உருவாக்கியது. காசு தேவையில்லை, பொருள் தேவையில்லை, இருபது பேரும் விளையாடலாம். 'இரவு' என்றால் எல்லாரும் கண்ணை மூட வேண்டும், அதற்குள் மறைந்திருக்கும் கூட்டம் ஒருவரைக் 'கொல்லும்'. விடிந்ததும் எல்லாரும் கூடி, எங்களுக்குள் இருக்கும் துரோகி யார் என்று விரலை நீட்ட வேண்டும்.

இதை எழுதும்போதே உங்களுக்கு விளங்கியிருக்கும். முகமூடி போட்ட தலையாட்டிக்கு முன்னால் வரிசையாக நடந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேரின் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சென்ற மாரியில் ஒரு வீட்டில் இளசுகள் இதைத் தொடங்கியபோது, மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பெத்தா, "ஆரையும் காட்டிக் குடுக்கிற விளையாட்டு வேணாம் மனே" என்று மட்டும் சொன்னார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. விளங்க வைக்கத் தாய்க்கும் அன்று வாய் வரவில்லை. விளையாட்டு நின்றுவிட்டது.

சீட்டு எழுதி மடித்துப் போடும் ராஜா-ராணி-பொலிஸ்-கள்ளன் இதன் சின்னத் தம்பி. எட்டு வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் விளையாடினால் குற்றமில்லை. பெரியவர்களை அதற்குள் இழுக்க வேண்டாம். உலகப் படத்தில் படைகளை நகர்த்தி நாடு பிடிக்கும் 'ரிஸ்க்' 1957இல் வந்தது. அதைச் செய்தவர் அல்பேர் லமோரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர். சிறுவனையும் சிவப்புப் பலூனையும் வைத்து அவ்வளவு மென்மையான படம் எடுத்த மனிதருக்கு இது ஏன் தோன்றியதோ! வரைபடத்தில் கோடு நகர நகர ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

மொனோப்பொலி? கிழமைக் கடன் அறவிட ஆள் வாசலுக்கு வரும் வீட்டில், ஒருவர் வாடகை கட்ட முடியாமல் கடனாளியாகி வெளியேறுவது பகிடியாக இருக்காது. தவிர, முதலில் தோற்றவர் இரண்டு மணித்தியாலம் சும்மா இருக்க வேண்டும்.

சதுரங்கத்தில் படை இருந்தாலும் அதில் யாரும் போரைக் காண்பதில்லை, தாராளமாக எடுக்கலாம். டாம் அதைவிட இலகு. டச்சிலும் போர்த்துக்கேயத்திலும் இந்த விளையாட்டுக்கு இதே வேரில் இருந்துதான் பெயர். மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டியவர்களும் 1638இல் அதைப் பிடித்தவர்களும் விட்டுப்போனவற்றில் சண்டைக்கு உதவாத பொருள் இது ஒன்றாவது இருக்கிறது. ஆடு-புலி ஆட்டமும் நல்லது. பலமில்லாத ஆடுகள் கூட்டாக நின்று புலியை அசையவிடாமல் மறிப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சோதனைச் சாவடிக் காலத்தில் எங்கள் வீட்டில் அதன் பெயரைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். இப்போது சொல்லலாம்.

கை, கண், காது

ஷெல் துண்டு உடம்பில் இருப்பவர், ஒரு கை இல்லாதவர், ஒரு காது கேளாதவர் என்று எங்கள் மேசையைச் சுற்றி எல்லாரும் இருப்பார்கள். ஒரு கையால் காட்ஸைப் பிடித்துக்கொண்டு இறக்க முடியாது. தும்பு கழுவும் புதிய பிரஷ் ஒன்றைத் தலைகீழாக வைத்தால், அதன் தும்புக்குள் எட்டுக் காட்ஸும் நிமிர்ந்து நிற்கும். காது கேளாதவர் இருந்தால் 304 கேள்வியை விரலாலோ, எழுதியோ காட்டலாம். மணி அடிக்கும், வெடிக்கும், திடீரென்று கத்த வைக்கும் விளையாட்டுகளை யார் இருந்தாலும் தவிர்ப்பேன்.

பார்வை குறைந்தவருக்குப் பல்லாங்குழிக்கு நிகர் இல்லை. ஏழேழாக இரண்டு வரிசை, குழிக்கு ஐந்தோ ஆறோ முத்து. விரல் நுனிக்குத்தான் அங்கே வேலை. பழகிய கை குழிக்குள் விட்டவுடனேயே எத்தனை என்று சொல்லிவிடும். மரப்பலகை இல்லாவிட்டால் முட்டை அடுக்கும் மட்டைத் தட்டை வெட்டி எடுங்கள். முத்துக்குக் குன்றிமணி அழகுதான், ஆனால் அதன் விதை நஞ்சு. சின்னப் பிள்ளை தவழும் வீட்டில் புளியங்கொட்டையே போதும், அதையும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரம் ஒரு கையால் விளையாடக்கூடியது, சக்கர நாற்காலியில் இருந்தும் விளையாடலாம். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு. 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் ஆண்கள் பட்டத்தை வென்றவர் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ. நலன்புரி முகாம்களிலும் சனசமூக நிலையங்களிலும் முதலில் வந்து சேர்ந்த விளையாட்டுப் பொருள்களில் கரம் பலகையும் ஒன்று. மாரியில் அதற்கு ஈரம்தான் எதிரி. சுவரில் சாத்தி வைத்தால் பலகை வளையும், பவுடர் கட்டிபடும். கட்டிலுக்கு மேலே படுக்கையாக வைத்து, விளையாடமுன் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மெல்லிய பவுடர் போடுங்கள். கச்சானை உறைப்புத்தூள் இல்லாமல் வறுப்பது நல்லது.

அயலவரைக் கூப்பிட்டால்

1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியபோது, இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக விளையாட விட்டார்கள். சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும், பிறகு பிள்ளைகள் சேரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. காத்தான்குடியில் இருந்தோ ஏறாவூரில் இருந்தோ ஒரு நண்பரின் குடும்பத்தை மாரி இரவுக்குக் கூப்பிட எண்ணினால், ஒன்றை மட்டும் முதலே கேட்டுவிடுங்கள். தாயக்கட்டையும் காட்ஸும் பல முஸ்லிம் வீடுகளில் மார்க்கத்துக்கு ஒவ்வாதவை. கரம் பெரும்பாலும் சிக்கல் தராது, எனக்கு அதுதான் முதல் தெரிவு. விளையாட்டைத் தெரிவுசெய்வதை அவர்களிடமே விட்டால் இன்னும் நல்லது.

கடலுக்கு அப்பால் ஒரு கை

சுவிஸில் இருந்து வரும் பிள்ளைக்குத் தமிழ் அரைகுறை, இங்கே இருக்கும் பிள்ளைக்கு ஜெர்மன் இல்லை. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் 'ஊனோ'வை வையுங்கள். 1971இல் ஒகையோவில் சிகையலங்காரக் கடை வைத்திருந்த மேர்ல் ரொபின்ஸ் செய்தது. நிறமும் இலக்கமும்தான், மொழி தேவையில்லை. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிப் பெட்டிகளின் விலை கையைக் கடிக்கிறது. வருபவர்களிடம் சொக்லேற்றுக்குப் பதிலாக இதைக் கேட்கலாம்.

வராதவர்களோடு விளையாடத் தாயம் நல்லது. கட்டம் இங்கே, ஃபோனின் கமரா அதற்கு மேலே. கட்டையை உருட்ட ஒரு பிள்ளையை அவருக்காக விடுங்கள், எந்தக் காயை நகர்த்துவது என்பதை அவர் சொல்வார். தாயம் விழாமல் பத்து முறை காத்திருக்கும்போது இரண்டு பக்கமும் எழும் சத்தத்துக்காகவே இதை விளையாடலாம். லூடோ செயலியில் இந்தச் சத்தம் இல்லை. இருபது வருடமாகப் பார்க்காத அண்ணனோடு "எப்படி இருக்கிறாய்" என்று தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். காயை வெட்டினால் ஒரு மணித்தியாலம் நீளும்.

நாள் வைப்பதில் கவனம் வேண்டும். கார்த்திகை 27, டிசெம்பர் 26 இரண்டையும் விட்டுவிடுங்கள். 1978 சூறாவளியில் ஆட்களைக் கொடுத்த வீடுகளுக்கு நவம்பர் 23ஆம் அப்படித்தான். ஆட்டைத் திவசம் எல்லாருக்கும் தெரியும். காணாமல் போனவருக்கோ திகதி இல்லை, கடைசியாகக் கண்ட நாள்தான் உண்டு, அது வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள்.

நேரத்துக்கு இரவு எட்டு மணி சரி. ஒக்ரோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு அது இலண்டனில் பிற்பகல் இரண்டரை, சூரிச்சில் மூன்றரை. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே எல்லாரும் எழும்பியிருப்பார்கள்.